மாலை 4.40: பிள்ளைகள் கிளம்பிப் போன வீட்டில் நாளைக் கழிப்பது எப்படி

என் மகன் படிப்புக்காக வெளியூர் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. மகள் வேலை கிடைத்துப் போய் நான்கு வருடம். மகள் போனபோது மகன் வீட்டில் இருந்தான். அவன் தேர்வு, அவன் காய்ச்சல், அவன் பிடிவாதம் என்று நாட்கள் ஓடிவிட்டன. அவனும் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆனது.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது எதுவும் பலிக்கவில்லை. நாள் முழுவதும் வெறுமையாக இருக்கிறது என்று நினைத்து, நாள் முழுவதையும் நிரப்பப் பார்த்தேன். தையல், ஓவியம், புதிதாக ஒரு மொழி என்று மூன்று வகுப்புகளில் சேர்ந்தேன். ஆறு வாரத்தில் மூன்றையும் விட்டேன். சொல்லிக்கொடுத்தவர்களிடம் ஒரு குறையும் இல்லை. வகுப்புகள் எல்லாம் காலை 11 மணிக்கு நடந்தன. எனக்குக் காலை 11 மணியில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. நான் வீட்டிலிருந்தே இரண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்த நேரத்தில் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் தலை நிமிர மாட்டேன். எனக்குச் சிரமம் மாலை 4.40க்கு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆகிவிட்டது.

உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்: மணியைக் குறியுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். ஏழு நாள், மனம் கனக்கும்போதெல்லாம் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், அந்த நேரத்தில் முன்பெல்லாம் என்ன செய்வீர்கள். மனதில் பட்டதையெல்லாம் எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகப் போகும்; மணி அதற்குள் புதைந்துவிடும். வரவு செலவு எழுதுவதுபோல ஒரு வரி போதும்.

என் நோட்டில் இருந்த வரிகள் இப்படி: "காலை 5.15, சமையலறை வாசல், அவனை எழுப்பப் போவேன்." "மாலை 4.40, கூடத்து ஜன்னல், கேட் சத்தம்." "இரவு 9.30, அவன் அறை வாசல், விளக்கை அணைக்கச் சொல்வேன்." அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 வரிகள். அவற்றில் 19 இந்த மூன்று நேரங்களில்தான். கூட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே 4.40 என்ற வரியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பள்ளியிலிருந்து வந்ததில்லையே! அன்றும் அவன் வீட்டில் இல்லைதான். ஆனால் அந்த மணிக்கு அவனை எதிர்பார்த்துப் பழகிய காது அன்று எதையும் தேடவில்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்கு மூச்சு விட முடிந்தது. நாள் முழுவதையும் சரிசெய்ய வேண்டியதில்லை, மூன்று இடங்களில் மட்டும் கை வைத்தால் போதும்.

இதை எழுதும்போது ஒரு பழைய பட்டியல் நினைவுக்கு வருகிறது. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு அவை தரும் அழுத்தத்துக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50. மகனோ மகளோ வீட்டை விட்டுப் போவதற்கு 29. முதலில் படித்தபோது, வெறும் 29தானா என்று எனக்குக் கோபமே வந்தது. பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். அன்றாடப் பழக்கங்கள் மாறுவதற்கு 24, தூக்கம் மாறுவதற்கு 16, சாப்பாட்டு முறை மாறுவதற்கு 15. பிள்ளை கிளம்பும் நாளில் இந்த மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன. அந்த 29ஓடு கூட்டினால் 84. கணக்கு எழுதுகிறவள் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது: பிள்ளையின் பிரிவு ஒரு வரி, அதைத் தொடர்ந்து வரும் பழக்கங்களின் குலைவு மூன்று வரி. முதல் வரியில் நம்மால் எதையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. மற்ற மூன்றில் நிறையச் செய்யலாம்.

ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு குணம் உண்டு

காலியான நேரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தால் அது நிற்காது. அந்த நேரம் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். பரபரப்பா, வரவேற்பா, காவலா? அதே குணமுள்ள ஒன்றைத்தான் அங்கே வைக்க வேண்டும்.

எங்கள் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சற்று வளைந்தது. திறக்கும்போது முதலில் ஒரு சிறு 'டக்', பிறகு இரும்பு இரும்போடு உரசும் நீண்ட சத்தம். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வைத்தே, மகன் அன்று எப்படி வருகிறான் என்று எனக்குத் தெரியும். இடைவெளி இல்லாமல் சடாரென்று திறந்தால் நல்ல செய்தி. நின்று, மெதுவாக உரசினால் ஏதோ சரியில்லை. உள்ளே வந்ததும் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் பையை மாட்டுவான். பன்னிரண்டு வருடம் பை உரசி உரசி, அந்தக் கொக்கிக்குக் கீழே சுவரின் சாயம் பிறைபோலத் தேய்ந்திருக்கிறது. பையை மாட்டியதும் பத்து நிமிடம் விடாமல் பேசுவான். அதற்குப் பிறகு இரவு வரை அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு அன்றைய நாள்.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தேன். படுத்துப் பார்த்தேன். துணி மடித்துப் பார்த்தேன். எதிலும் காது கேட்டிலேயே இருந்தது. அந்த நேரத்தின் குணம் ஒருவர் வருவது. அன்று நடந்ததைச் சொல்வது. அங்கே ஒரு மனிதர்தான் இருக்க முடியும் என்று புரிந்த பிறகு, மூன்று வீடு தள்ளி இருக்கும் 78 வயது அம்மாவிடம் போனேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. விழித்திரைத் தேய்வால் அவருக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை. தினமும் 4.30க்கு வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். முதல் நாளே என் உச்சரிப்பில் இரண்டு இடங்களைத் திருத்தினார். இப்போது பத்து நிமிடம் தாமதமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலியைத் தூரத்தில் பார்க்கும்போது எனக்குள் ஏற்படுவதை, கேட் சத்தம் கேட்ட அந்த நாட்களோடு மட்டும்தான் ஒப்பிட முடியும்.

உங்களுக்கு இது வேறொன்றாக இருக்கலாம். வேலைக்குப் போகும் ஒரு தாயின் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தரலாம்; நூலகத்தில் மாலை வேளையில் உதவலாம்; தனியாக இருக்கும் அக்காவை அதே மணிக்கு அழைக்கலாம். மூன்று நிபந்தனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் மாறக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் மழை பெய்யும் முதல் நாளே நின்றுவிடும்.

காலை 5.15 வேறு மாதிரி. அது பரபரப்பின் நேரம். அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். ஓட உடம்பு தயாராக இருக்கும். ஓட இடம் இருக்காது. அப்போது படுக்கையிலேயே கிடந்தால் மனம் ஒன்றையே மென்றுகொண்டிருக்கும். எழுந்து வெளியே போய்விடுங்கள். நடையோ சைக்கிளோ, உடம்பு அசைய வேண்டும். நான் 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் போகிறேன். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது இதிலேயே வந்துவிடுகிறது.

இரவு 9.30 காவலின் நேரம். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா, விளக்கு அணைந்ததா, கதவு பூட்டியதா என்று பார்த்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இருபது வருடமாக ஊறிப்போனது. அதை விடச் சொல்ல மாட்டேன். வீட்டை ஒரு சுற்று வாருங்கள். கேட்டைப் பூட்டுங்கள், பின்கதவைப் பாருங்கள், கடைசியாக அந்த நோட்டில், பிள்ளைகளிடம் அடுத்த முறை பேசும்போது சொல்வதற்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் இரண்டு மாதம் நான் மகன் அறையில் இருட்டும் நேரத்தில் விளக்கைப் போட்டு, 9.30க்குப் போய் அணைத்தேன். யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் போட மறந்தேன், அத்தோடு நின்றுவிட்டது.

எவ்வளவு நாளில் பழகும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பழக்கங்களைப் பற்றி நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதில் வந்த இன்னொரு முடிவு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே ஒரு மாலை நீங்கள் எங்கும் போகாமல் ஜன்னலோரம் நின்று அழுதுவிட்டால், அழுதுவிட்டு மறுநாள் போங்கள். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சமையலறை

நான்கு பேருக்கு அளந்த கை இரண்டு பேருக்கு அளக்காது. குறைத்துப் போட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து, ஒவ்வொரு நாளும் மிச்சமாகி, மிச்சத்தைப் பார்த்து மனம் கசந்தேன். அளவைக் குறைப்பதை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மாற்றுங்கள். பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டுச் சிறியதாக இரண்டு வாங்குங்கள். கை தானாகப் பாத்திரத்துக்கு ஏற்றபடி அளக்கும். ஒருநாளும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள். தனியாக இருந்தாலும் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அறை

இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது.

மகள் போன பத்தாவது நாள் அவள் அலமாரியைச் சுத்தம் செய்தேன். கை சும்மா இருந்தால் அழுகை வருகிறது என்று, ஒரே பகலில் மூன்று இழுப்பறைகளையும் காலி செய்து, பழைய தாள்களை மொத்தமாகக் கட்டிப் போட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தாள். இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். அப்போது எதுவும் கேட்கவில்லை. இரவு படுக்கப் போகும்போது, "அம்மா, அதில் ஒரு நீல உறை இருந்ததே?" என்றாள். பதினான்கு வயதில் ஊர் மாறிப் போன தோழி எழுதிய கடிதங்கள். நான் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மகனுடைய அறையை வேறு விதமாகக் கையாண்டேன். முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டதோடு சரி. தலையணை உறையை உடனே துவைக்க மனம் வரவில்லை. மூன்று வாரம் அப்படியே விட்டேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள், அவசரமில்லை. மூன்றாவது மாதத்தில் வீடியோ அழைப்பில் ஒவ்வொரு தட்டாகக் காட்டி மூன்று கேள்விகள் கேட்டேன். எதைத் தொடவே கூடாது? எதைப் பெட்டியில் வைக்கலாம்? எது போகலாம்? ஒரு நாளைக்கு ஒரு தட்டுக்கு மேல் கேட்காதீர்கள்; அவர்களுக்கும் அது இலேசான வேலை இல்லை. மகன் தன் பழைய நோட்டுகளையெல்லாம் போடச் சொன்னான். உடைந்த ஒரு பம்பரத்தை மட்டும் தொடாதே என்றான். அந்தப் பம்பரத்தை நான் குப்பை என்றே நினைத்திருப்பேன். 'போகலாம்' என்று சொன்னவற்றையும், அவன் அடுத்த முறை நேரில் வந்து ஒருமுறை பார்க்கும்வரை வைத்திருந்துதான் அப்புறப்படுத்தினேன்.

அறையை அருங்காட்சியகமாக வைப்பதும் சரியில்லை. மூடிய கதவைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கும். அவனிடம் கேட்டுவிட்டு, ஜன்னலோரம் மடக்கு மேசை ஒன்றைப் போட்டுப் பகலில் கணக்கை அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் வரும் நாளில் ஐந்து நிமிடத்தில் மடக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். மடக்கு மேசை வாங்கியதே அதற்காகத்தான்.

தொலைபேசி

"சாப்பிட்டாயா? தூங்கினாயா? படிக்கிறாயா? உடம்பு நன்றாக இருக்கிறதா?" இந்த நான்கையும் நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒருநாள் மகள் பொறுமையாகச் சொன்னாள்: "அம்மா, நீ கேட்கும் முதல் நான்கு கேள்விக்கும் என்னிடம் 'ஆமாம்' என்று ஒரே பதில்தான் இருக்கிறது. அதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது."

'ஆமாம்' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். நான் மகனிடம், "உன் ஜன்னலில் இருந்து என்னடா தெரிகிறது?" என்று கேட்டேன். எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒருவர் தினமும் பழைய மின்விசிறிகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறார் என்று தொடங்கினான். இருபது நிமிடம் பேசினான். அதற்கு நடுவே, கேட்காமலே, இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட்டான். நேராகக் கேட்டிருந்தால் 'ஆமாம், தூங்கினேன்' என்றிருப்பான்.

வீட்டுச் செய்தியும் ஒன்று சொல்லுங்கள். அதற்குத்தான் 9.30 மணி நோட்டு வரி. வளைந்த தாழ்ப்பாளில் ஒரு குருவி வந்து உட்கார்ந்ததைச் சொன்னால், அவர்கள் மனதில் வீடு வாடாமல் இருக்கும்.

நாட்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் புதனும் ஞாயிறும். நடுவில் செய்தி அனுப்பலாம். உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. செயலியில் அவன் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தான் என்று இரவு 1 மணிக்கு எழுந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. பார்த்தால் தூக்கம் போகும், பார்க்காவிட்டாலும் போகும். இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது. அழைப்பு மணியை மட்டும் உரக்க வைத்திருக்கிறேன். அவசரம் என்றால் கேட்கும். பதில் வராத நாட்களுக்கும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வேண்டும். ஒருநாள் பதில் இல்லையென்றால் நான் சும்மா இருப்பேன். இரண்டு நாள் இல்லையென்றால் உன் அறை நண்பனை அழைப்பேன் என்று அவனிடமே சொல்லி, அவனே எண்ணைக் கொடுத்திருக்கிறான்.

அவர்கள் அழுதுகொண்டு அழைத்தால் உடனே வழி சொல்லத் தொடங்காதீர்கள். "நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டால் போதும்.

நம் ஏக்கத்தை அவர்களிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. "இன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன்" என்றால் அது அன்பு. "நீ இல்லாமல் இது வீடாகவே இல்லை" என்றால், அந்தச் சுமையைப் பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து சுமக்கும்.

இருவர் மட்டும்

பிள்ளைகள் கிளம்பிய பிறகு கணவன் மனைவி முகம் பார்த்துப் பேச விஷயம் இருக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருபது வருடம் நாங்கள் பேசியதெல்லாம் கட்டணம், மதிப்பெண், மருந்து. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே பெண்களின் நடுவயதை 18 வருடம் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவு இந்தப் பயத்துக்கு நேர் எதிரானது. பிள்ளைகள் வெளியேறிய பிறகு அந்தப் பெண்களின் மணவாழ்க்கை நிறைவு கூடியிருந்தது. சேர்ந்திருக்கும் நேரம் கூடியதால் அல்ல. இருக்கும் நேரத்தை அவர்கள் அதிகம் ரசித்ததால். எனவே நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டு இருக்க முயல வேண்டாம். சிறிது நேரம் நன்றாக இருந்தால் போதும்.

என் கணவர் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. மகன் போனதில் அவருக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் அவர்மேல் எனக்கு மனத்தாங்கலும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்வாசலில் பம்பு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மகனுடைய சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், இன்னும் நான்கு முறை அடித்தார், மறுபடி அழுத்தினார். ஓட்ட ஆளில்லாத சைக்கிள். "எதற்கு?" என்றேன். "காற்று இல்லாமல் நின்றால் ட்யூப் வீணாகிவிடும்" என்றார், என்னைப் பார்க்காமல். துணியை எடுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். நானும் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தேன். எதுவும் பேசவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆகவே என் யோசனை இதுதான்: 'நாம் பேச வேண்டும்' என்று உட்கார வைக்காதீர்கள். இருவர் கையும் வேலையில் இருக்கும்படி ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். மறு வாரம் அவரே சீட்டைக் கீழே இறக்கி, "நீ ஓட்டிப் பாரேன்" என்றார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. அவர் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தார். காலை 5.15க்கு நான் கிளம்புவது இந்தச் சைக்கிளில்தான்.

துணை இல்லாமல் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இந்த வெறுமை இன்னும் கனமாக இருக்கும். வீட்டில் இன்னொரு குரலே இல்லாமல் போகிறது. அவர்கள் 4.40க்குச் செய்யும் ஏற்பாட்டை இரவு 9.30க்கும் செய்துகொள்ளட்டும்: தினமும் அந்த நேரத்தில் "பூட்டிவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்ப ஒரு தோழி.

எல்லாவற்றையும் பிள்ளையின் பிரிவின்மேல் போடாதீர்கள்

ஐந்தாவது மாதம் எனக்கு இரவில் வியர்த்துக் கொட்டியது. படபடப்பு, அரைத் தூக்கம், காரணமில்லாத எரிச்சல். மகன் நினைவால்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மருத்துவர் முதலில் கேட்டது வயதையும் மாதவிடாய்க் கணக்கையும். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையே. பல வீடுகளில் பிள்ளைகள் கிளம்புவதும் அந்த வருடங்களில்தான். இரண்டும் ஒன்றாக வரும்போது எது எதனால் என்று நமக்குத் தெரிவதில்லை. தைராய்டையும் சேர்த்துப் பரிசோதித்தார். உடம்புக்கு வேண்டிய சிகிச்சை கிடைத்த பிறகு மனதின் பாரத்தில் பாதி இறங்கியது. போய்ப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகள் பிரிந்த ஏக்கம் ஒரு நோய் அல்ல. ஆனால் மனச்சோர்வு நோய்தான், அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஏக்கம் அலைபோல வந்து போகும். நடுவில் சிரிப்பும் வரும். பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்தே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் வராமல் போவது, அதோடு தூக்கமும் பசியும் கெடுவது, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் விடாமல் வருவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

இன்னொன்று. முதல் ஆறு மாதத்தில் வீட்டை விற்பது, ஊர் மாறுவது, வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகள் வேண்டாம். அப்போது எடுக்கும் முடிவை ஜன்னலோரத்தில் நிற்கும் அந்த நேரம்தான் எடுக்கும்.

அவர்கள் வந்து போகும்போது

வரும் நாள் தெரிந்ததும் நாம் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறோம். யார் வீட்டுக்குப் போக வேண்டும், என்னென்ன சமைக்க வேண்டும், எதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்று. அவர்கள் வருவது பெரும்பாலும் தூங்குவதற்கு. முதல் நாளைத் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். பட்டியலில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவர்களிடம் கேளுங்கள். வாசலில் பார்த்ததும் "இளைத்துவிட்டாயே" என்று தொடங்காதீர்கள். கதவை மூடிக்கொள்வார்கள், நேரம் கழித்து வருவார்கள். அங்கே அப்படித்தான் இருந்து பழகியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குள் வருவாய், தாமதமானால் தகவல் சொல்வாயா என்பதை முதல் மாலையே பேசிவிட்டால் கடைசி நாள்வரை மனத்தாங்கல் இல்லை.

கடினமானது அவர்கள் திரும்பிப் போன மறுநாள். பழகிய புண் மறுபடி திறந்ததுபோல இருக்கும். அந்த நாளுக்கு முன்பே ஒரு வேலை குறித்து வைத்திருங்கள். படுக்கை விரிப்பை அன்றே உருவித் துவைக்க வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். 4.30க்கு வாசிக்கப் போவதை மட்டும் தவற விடாதீர்கள்.

மகன் விடுமுறைக்கு வரும்போது சைக்கிள் அவனுடையதாகிவிடும். சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொள்வான். அவன் போன மறுநாள் காலை 5.15க்கு நான் செய்யும் முதல் வேலை, அதை நான்கு விரல் அளவு கீழே இறக்குவது. அதற்கான ஸ்பேனர் கதவுக்குப் பின்னால், சாயம் தேய்ந்த சுவரின்மேல் இருக்கும் அந்தக் கொக்கியில் தொங்குகிறது.